லேப்டாப்புக்கு கேக் ஊட்டியவள்

இந்த 2020 கொரோனா வருஷத்துக் கிறிஸ்துமஸ் அன்றைக்கு, வெள்ளிக்கிழமை, ஜூம் வீடியோ அழைப்பில் இருந்த அம்மாவுக்கு லேப்டாப் திரையில் கேக் ஊட்டுவது மாதிரி நான் போட்ட படத்துக்குக் கீழே நடந்த கூத்தை நீங்கள் எல்லோரும் பார்த்தாயிற்று. நான் பார்க்காமல் விட்டுவிடுவேனோ என்ற அக்கறையில் சிலர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கே அனுப்பியும் வைத்தீர்கள். நன்றி. பார்த்தேன். ரெண்டு நாள் பொறுத்தும் பார்த்தேன். இன்றைக்கு ஞாயிறு ஆராதனையை யூடியூபில் முடித்துவிட்டு (ஆமாம், அதையும் யூடியூபில்தான்) இதை எழுதுகிறேன்.

"லேப்டாப்புக்கு கேக் ஊட்டியாச்சாக்கா?" இது முதல் கமெண்ட். அதோடு விட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அந்தப் படமே விளையாட்டுக்கு எடுத்ததுதான். திரையில் அம்மா வாயைத் திறக்க, இந்தப் பக்கம் நான் கேக் துண்டை நீட்ட, என் மகன் எடுத்தான். அடுத்த கமெண்ட்தான் உறுத்துகிறது. "பெத்த தாயைத் தனியா விட்டுட்டு ஜூம்ல பண்டிகை. எல்லாம் காலம்." அதற்கு 86 பேர் சிரித்திருக்கிறார்கள். பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். என் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுப் போனவர்கள் பாதிப் பேர்.

நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். நாங்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடினோம். ஒப்புக்குச் செய்யவில்லை, கொண்டாடினோம். நான் சென்னையில், அம்மா தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத் பக்கத்து ஊரில், அண்ணன் லண்டனில்.

எப்படிக் கொண்டாடினோம் என்றும் சொல்கிறேன். ஊர்க் கோயிலில் காலை 4 மணி ஆராதனையை நேரலையில் விட்டார்கள். அம்மா அங்கே போனில், நான் இங்கே லேப்டாப்பில். இன்னொரு போனில் ரெண்டு பேரும் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். எனக்கு வரும் நேரலை அம்மாவுக்கு வருவதைவிடக் கால் நிமிஷம் பிந்தி வந்தது. அதனால் ஐயர் (சபைப் போதகர்) ஜெபத்தை முடிக்கும் முன்பே அம்மாவின் ஆமென் எனக்குக் கேட்டுவிடும். பாமாலைப் பாட்டில் அம்மா மூன்றாம் சரணத்தில், நான் இன்னும் ரெண்டாம் சரணத்தில். கோயிலில் பக்கத்தில் நின்று பாடினாலும் அம்மா எப்போதும் ஒரு வரி முந்தித்தான் பாடுவார்கள். அது வேறு விஷயம்.

முந்திரிக்கொத்துக்கு அம்மா அங்கே பாசிப்பயறை வறுக்க, நான் இங்கே வறுத்தேன். போனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவின் நெற்றியும் உத்தரமும்தான். "ஏளா, பாகு பதம் வந்துட்டா? தண்ணியில ஒரு சொட்டு விட்டுப் பாரு" என்று உத்தரம் சொல்லிக்கொண்டிருந்தது. என் உருண்டைகள் எண்ணெயில் போட்டதும் உடைந்து போயின. அம்மா சிரித்த சிரிப்பில் போன் சாய்ந்து விழுந்தது. மத்தியானம் அண்ணன் குடும்பமும் சேர்ந்துகொண்டது. வழக்கமாக நாற்பது நிமிஷத்தில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும் ஜூம்கூட அன்றைக்குப் பண்டிகைச் சலுகையாக அந்தக் கெடுவை எடுத்துவிட்டிருந்தது. இதைத்தான் 'பண்டிகையா' என்று கேட்கிறீர்கள்.

சரி, கேள்விகளுக்கு வருகிறேன். இன்பாக்ஸில் நிதானமாகக் கேட்டவர்களும் உண்டு.

"டெஸ்ட் எடுத்துட்டுப் போயிருக்கலாமே?" எடுத்திருக்கலாம். இன்றைக்கு நெகட்டிவ் என்று வரும். நேற்றுத் தொற்றியிருந்தால் இன்றைய டெஸ்டில் தெரியாமலே போகலாம். காய்ச்சல் வருவதற்கு ரெண்டு நாள் முன்பிருந்தே பரப்பவும் செய்யலாம். டெஸ்ட் எடுத்த கையோடு எழும்பூரில் ரயில் ஏறி, ஏசி பெட்டியில் அறுபது எழுபது பேரோடு ராத்திரி முழுக்க ஒரே காற்றை இழுத்துவிட்டு, காலையில் 74 வயது, இருபது வருஷச் சர்க்கரை உள்ளவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும். அந்த நெகட்டிவ் சீட்டைப் பிறகு ஃப்ரேம் போட்டு மாட்டிக்கொள்ளலாம்.

"எல்லாம்தான் திறந்தாச்சே, ஊர்விட்டு ஊர் போக இ-பாஸ்கூட வேண்டாமே?" திறந்தாயிற்று. செப்டம்பர் 1-ஆம் தேதியே கோயில்களையும் திறந்துவிட்டார்கள். ஜூலையில் ஒரே நாளில் 7,000 பேரை நெருங்கிய தமிழ்நாட்டுத் தொற்று எண்ணிக்கை இப்போது ஆயிரம் பக்கம் வந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்த மாதம்தான் நம் சென்னை ஐஐடியில் நூறு பேருக்கு மேல் தொற்றியது. மெஸ்ஸில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். நம் வீட்டில் பண்டிகை என்றால் என்ன? மெஸ்தானே? ஒரே பாயில் இருபது இலை.

பெல்ஜியத்தில் மோல் என்று ஓர் ஊர். அங்கே முதியோர் இல்லத்துக்கு இந்த மாதத் தொடக்கத்தில் நிக்கோலஸ் தாத்தா (நம் கிறிஸ்துமஸ் தாத்தா மாதிரி) வேஷம் போட்டு ஒருவர் போனார். பெரியவர்களைச் சந்தோஷப்படுத்தத்தான் போனார். நூறு பேருக்கு மேல் தொற்று, இருபது பேருக்கு மேல் இறந்துவிட்டார்கள். அவர்தான் கொண்டுவந்தாரா, காற்றோட்டம் இல்லாத கட்டடம் காரணமா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேசட்டும். இறந்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்த கிறிஸ்துமஸ் எப்படி இருந்திருக்கும் என்றுதான் எனக்கு ஓடுகிறது.

அடுத்து விசுவாசக்காரர்கள். எபிரெயர் 10:25 என்ற பைபிள் வசனத்தை எத்தனை பேர்தான் அனுப்புவீர்கள்? சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது என்பது எனக்கும் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம். ஐயா, பவுல் சபைகளுக்கு எழுதியதெல்லாம் தூரத்திலிருந்து எழுதியதுதான், அதில் சில சிறையிலிருந்து. அவரையும் போய், பிலிப்பிக்காரரை நேரில் பார்க்காமல் கடிதத்தில் என்ன வாழ்த்து என்று கேளுங்களேன். போப் பிரான்சிஸ் இந்த வருஷம் நள்ளிரவுப் பூசையை ராத்திரி ஏழரைக்கே வைத்துவிட்டார், இத்தாலியில் பத்து மணிக்கு ஊரடங்கு என்பதால். ("நாம என்ன ரோமன் கத்தோலிக்கமா" என்று ஒரு கமெண்ட் வரும். தெரியும். வரட்டும்.)

இதைவிடப் பெரிய வேடிக்கை, எனக்கு விசுவாசம் போதிப்பவர் இருபது பேரைச் சேர்த்துக்கொண்டு ரெண்டு வேனில், வீடு வீடாகப் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் போனது. சபையில் வேண்டாம் என்று சொல்லியும் போனார்கள். வழிபாட்டுத் தலங்களில் பாடகர் குழு கூடாது, 65 வயது தாண்டியவர்கள் வீட்டில் இருப்பது நல்லது என்று ஜூன் மாதமே மத்திய அரசு விதிமுறை போட்டது. சும்மா போடவில்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் மார்ச் 10-ஆம் தேதி ஒரு பாடகர் குழு ரெண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். அதில் 53 பேர் படுத்தார்கள், ரெண்டு பேர் எழுந்திருக்கவே இல்லை. பாட்டுதான் பாடினார்கள், வேறொன்றும் செய்யவில்லை.

அம்மா வீட்டு வாசலிலும் அந்த வேன் நின்றிருக்கிறது. அம்மா கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிவிட்டு, காணிக்கைக் கவரைக் கம்பியில் சொருகி வைத்தார்களாம். அதற்கும் ஊரில் பேச்சு. "மகள் சொல்லிக்கொடுத்திருக்கா."

மகள் சொல்லிக்கொடுக்கவில்லை. இங்கேதான் நீங்கள் யாரும் கேட்காததைச் சொல்ல வேண்டும். நான் டிக்கெட் போட்டிருந்தேன். 22-ஆம் தேதிக்கு, மூன்று பேருக்கு. ரத்து செய்யச் சொன்னது அம்மா. "நீ வந்தா வாசல்லயே நிக்க வச்சிருவேன், பாத்துக்கோ. உங்க பெரியப்பாவுக்கு ஆனது போதும்."

பெரியப்பாவுக்கு என்ன ஆனது என்று ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜூலையில் பேத்திக்கு வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். "வெளியாள் யாரும் இல்ல, நம்ம சொந்தக்காரங்க மட்டும்தான்." இருபது பேர். சொந்தக்காரர் மூச்சில் கிருமி வராது என்று எங்கேயோ எழுதி வைத்திருக்கிறது போல. ஏழு பேருக்கு வந்தது. ஆறு பேர் தேறினார்கள். பெரியப்பா ஒன்பதாம் நாள் போய்விட்டார். ஆம்புலன்ஸிலிருந்து நேரே கல்லறைத் தோட்டம். கவச உடை போட்ட நாலு பேர் கயிறு கட்டி இறக்கினார்கள். பெரியம்மா தெருமுனையில் நின்றார்கள், கிட்டே விடவில்லை. நான் அதைப் போனில்தான் பார்த்தேன். படம் ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் வெறும் புல் தெரிந்தது, அப்புறம் வானம் தெரிந்தது, அப்புறம் லைன் போய்விட்டது.

அன்றைக்கு அந்த லிங்க்கைக் குடும்ப குரூப்பில் போட்டவன் யார் தெரியுமா? "யாரும் கிளம்பி வராதீங்க, எல்லாரும் ஆன்லைன்லயே பாத்துக்கோங்க" என்று போட்டவன் யார் தெரியுமா? இன்றைக்கு லேப்டாப்புக்கு கேக் ஊட்டியாச்சா என்று கேட்கிற அதே தம்பிதான். அன்றைக்கு அவன் செய்தது சரி. நான் நன்றி என்றுதான் பதில் போட்டேன். ஆனால் தம்பி, சாவை மட்டும் போனில் பார்க்கலாம், பண்டிகையைப் பார்க்கக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? போனில் அழ அனுமதி கொடுத்தவனுக்கு, போனில் சிரித்தால் ஏன் பொறுக்கவில்லை?

"அம்மாவுக்கு இன்னும் எத்தனை பண்டிகை இருக்கோ, இதையும் தவறவிட்டுட்டியே." இதை எழுதியது என் பள்ளித் தோழி. கிண்டலாக எழுதவில்லை, அதுதான் கஷ்டம். இதற்கு என்னிடம் பதில் இல்லை. ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் நானே என்னைக் கேட்கிற கேள்வி இது. விடுங்கள்.

தூரத்தில் இருந்து கொண்டாடுவது என்னவோ ஜூம் கண்டுபிடித்தது மாதிரிப் பேசுகிறீர்களே, நம் பக்கத்தில் எத்தனை வீட்டு ஆண்கள் கொழும்பில் கிடந்தார்கள்? என் தாத்தா அங்கே ஒரு கடையில் கணக்கு எழுதினார். ஆச்சி பதினோரு பண்டிகையைக் கடிதத்தோடுதான் கழித்தார்கள். சில வருஷம் அந்த டிசம்பர் கடிதம் ஜனவரியில் வரும். வந்த அன்றைக்கு மறுபடியும் குளித்து, கோடிச் சேலை கட்டி, பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து வாசிக்கச் சொல்வார்களாம். ஊர் சிரிக்கவில்லை. 'பொண்டாட்டியைத் தனியா விட்டுட்டுக் கடிதத்துல பண்டிகை' என்று தாத்தாவை யாரும் கேட்கவில்லை. அவர் ஆம்பளை, சம்பாதிக்கப் போனவர்.

இப்போதும் அதுதானே நடக்கிறது? அதே ஜூமில் என் அண்ணனும்தான் இருந்தான். 19-ஆம் தேதி சாயங்காலம் பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன் டிவியில் வந்து லண்டனுக்கு நாலாம் அடுக்குக் கட்டுப்பாடு, இருப்பதிலேயே கடுமையானது, என்று சொன்னார். கிறிஸ்துமஸுக்குத் தருவதாகச் சொன்ன ஐந்து நாள் தளர்வு அவனுக்கு ஒரேயடியாகப் போச்சு. நாலு தெரு தள்ளி இருக்கும் மைனியின் தங்கச்சி வீட்டுக்குக்கூட அவர்கள் போக முடியாது. 22-ஆம் தேதி ராத்திரியோடு அங்கிருந்து இந்தியாவுக்கு விமானமும் நின்றுவிட்டது. அவனுக்கு என்ன கமெண்ட்? "பாவம் பிள்ளை, ஃப்ளைட் இல்ல, என்ன செய்வான்." அவன் பாவம்தான், நான் மறுக்கவில்லை. அவன் கடைசியாக ஊருக்கு வந்தது 2017-இல். நான் போன வருஷம் மட்டும் ஆறு தடவை போனேன். அம்மா சர்க்கரை அளவு பார்க்கும் பட்டைகள் தீருவதற்கு முன் இங்கிருந்து அனுப்புவது நான். கரண்ட் பில் கட்டுவது நான். மார்ச்சிலிருந்து தினமும் ராத்திரி எட்டரைக்கு, மாத்திரை போட்டாச்சா என்று கேட்பதும் நான்தான். இந்த ஒன்பது மாதத்தில் அம்மா வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்றாவது 'பெரியம்மா, ஏதாவது வேணுமா' என்று கேட்டவர்கள் அந்த 86 பேரில் எத்தனை பேர்? எனக்குத் தெரியும், அம்மா சொல்வார்கள். ரெண்டு பேர். அந்த ரெண்டு பேர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, சிரித்துவிட்டுப் போகட்டும்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். இங்கிலாந்தில் 8-ஆம் தேதியிலிருந்து கொரோனா தடுப்பூசி போட ஆரம்பித்துவிட்டார்கள், முதல் ஊசி தொண்ணூறு வயதுப் பாட்டிக்கு. இங்கேயும் வரும். அம்மாவுக்கு ஊசி போட்டதும் முதல் ரயிலில் போவேன். அது ஏப்ரலோ ஜூனோ, என்றைக்குப் போகிறேனோ அன்றைக்கு எங்கள் வீட்டில் மறுபடியும் ஸ்டார் தொங்கும். தெருவே பார்க்கட்டும். ஆனால் வெள்ளிக்கிழமை நடந்ததும் கிறிஸ்துமஸ்தான். அதை இல்லை என்று சொல்ல யாருக்கும் நான் இடம் கொடுக்க மாட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மா கூப்பிட்டார்கள். தம்பியின் கமெண்டைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசித்துக் காட்டிவிட்டதாம். "விடுளா, சின்னப் பய. பண்டிகைக்கு முந்தின நாள் அவனுக்கும் ஒரு டப்பா முந்திரிக்கொத்து கொடுத்துவிட்டேன். நல்லாருக்கு பெரியம்மான்னு போன் பண்ணிச் சொன்னான்."

தின்றுவிட்டுத்தான் எழுதியிருக்கிறான்.