தள்ளுவண்டியோடு நின்றுபோகும் தடை

பிளாஸ்டிக் கவரைத் தடை செய்யலாமா கூடாதா என்று இன்னும் சிலர் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். தடை வந்து வருஷக்கணக்கில் ஆகிறது சாமி. 2018 ஜூனில் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகைப் பொருட்களுக்குத் தடை. கேரி பேக், சாப்பாட்டு மேசையில் விரிக்கிற ஷீட், தெர்மாகோல் தட்டு, ஸ்ட்ரா, தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் கொடி எல்லாம் அதில் அடக்கம். கவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் கூடாது. ஆனால் எங்கள் வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்தால், அப்படி ஒரு அரசாணை இருப்பது இங்கே யாருக்காவது தெரியுமா என்று சந்தேகம் வரும். தெரியும். எல்லோருக்கும் தெரியும். ரெய்டு வருகிற அன்றைக்குக் கவர் கட்டு மூட்டைக்கு அடியில் போய்விடும், அவ்வளவுதான்.

தடை வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அது போய் விழுகிற இடம் தப்பு.

ரெய்டில் மாட்டுவது யார்? மல்லி முழம் போட்டு விற்கிற அம்மா, தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் விற்கிறவர், கீரைக்காரம்மா. அவர்களிடம் இருப்பது ஒரு கைப்பிடி கவர். அதைப் பிடுங்கிக்கொண்டு அபராதம் போட்டு, போட்டோவும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தக் கைப்பிடியை அவருக்கு விற்ற மொத்தக் கடை அன்றைக்கும் திறந்துதான் இருக்கிறது. பிளாஸ்டிக் குருணையை உருக்கி ஊதி எடுக்கிற மிஷினும் எங்கேயோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் விற்கிற ஒரு அம்மாவிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். "கவர் இல்லன்னா கத்திரிக்காய இன்னா மடியிலயா கட்டினு போவாங்க நைனா? அடுத்த கடைக்குப் போய்டறாங்க" என்றார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. பக்கத்துக் கடையில் கவர் கிடைக்கிற வரைக்கும் இந்த அம்மா மட்டும் சட்டத்தை மதித்தால், அவர் வியாபாரம்தான் போகும்.

இந்த விஷயத்தில் வாய் திறக்க நம்ம ஊருக்கு ஒரு தனி உரிமையே உண்டு என்பேன். பாலாற்றங்கரை டேனரிகளின் (தோல் பதனிடும் ஆலைகளின்) கழிவால் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் போன கதையை இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சுற்றுச்சூழலைக் கெடுத்தவனே அதற்கான செலவையும் ஏற்க வேண்டும், இது இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அதில் எழுதி வைத்தார்கள். அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டத்து டேனரிகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். இன்றைக்கும் சட்டம் படிக்கிற பிள்ளைகள் நம்ம ஊர் பேரைச் சொல்லித்தான் அந்தப் பாடத்தைப் படிக்கிறார்கள். (அதற்கப்புறம் பாலாறு தெளிந்துவிட்டதா என்று கேட்டு என் வாயைக் கிளறாதீர்கள்.) அந்தத் தீர்ப்பு தோல் பதனிட்டவனிடம் கணக்குக் கேட்டது. தோலை வாங்கிச் செருப்புத் தைத்தவனிடம் கேட்கவில்லை. கவர் விஷயத்தில் மட்டும் ஏன் தலைகீழாக நடக்கிறது?

"எவ்வளவோ பிளாஸ்டிக் இருக்கிறதே, கவர் மேல் மட்டும் என்ன கோபம்" என்று கேட்பார்கள். காயலான் கடைக்குப் போனால் விடை கிடைக்கும். பால் கவரைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோனால் காசு. தண்ணீர் பாட்டிலுக்குக் காசு. உடைந்த குடத்துக்கும் காசு. மெல்லிசு கவரை மட்டும் தொட மாட்டார்கள். எவ்வளவு பொறுக்கினாலும் எடை நிற்காது, அழுக்கு வேறு. விலை இல்லாத பொருளை யாரும் குனிந்து எடுப்பதில்லை. அதனால்தான் அது மட்டும் தெருவிலேயே கிடந்து, காற்றில் பறந்து, மாட்டின் வயிற்றுக்குள் போகிறது, கானாற்றில் இறங்குகிறது, நிக்கல்சன் கால்வாயை அடைக்கிறது. ஒவ்வொரு மழைக்கு முன்னாலும் தூர் வாருகிறார்கள். வாரிப் போட்டதில் மண் எவ்வளவு, கவர் எவ்வளவு என்று ஒருமுறை நின்று பாருங்கள். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடி வடிந்தபோது, ஆற்றுக்குள் நிற்கிற சீமைக்கருவேல மரங்கள் எல்லாம் கவர் காய்த்திருந்தன.

இன்னொரு கூத்து, ஜவுளிக் கடையில் கொடுக்கிற கலர் பை. தொட்டால் துணி மாதிரி இருக்கும். அது நான்-வோவன், அதாவது நெய்யாதது. அசல் பாலிப்ரொப்பிலீன், பிளாஸ்டிக்தான். ஓரத்தில் தீக்குச்சியைக் காட்டினால் நூல் மாதிரி எரியாது, உருகிச் சொட்டும். 2019 தடைப் பட்டியலில் அதுவும் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023-ல் பேப்பர் கப் தடை செல்லும், நான்-வோவன் பையைப் பற்றி மட்டும் திரும்ப யோசியுங்கள் என்று சொன்னார்கள். நாம் அதைத் துணிப்பை என்று நம்பிப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டிருக்கிறோம்.

எனக்கே பதில் தெரியாத இடம் ஒன்று உண்டு: சூடான சாம்பார். காய்கறியை நாளைக்கே துணிப்பைக்கு மாற்றிவிடலாம். இட்லியை மந்தாரை இலையிலோ வாழை இலையிலோ கட்டலாம். பிரியாணியோடு வருகிற தால்சாவையும் கத்திரிக்காய்த் தொக்கையும் எதில் கட்டுவது? வீட்டிலிருந்து தூக்கு கொண்டுபோகலாம்தான். ஆனால் ஆபீஸ் முடிந்து பைக்கில் வருகிறவன் கையில் தூக்கு ஏது? உண்மையில் கெடுதல் அதிகம் இங்கேதான். கொதிக்கக் கொதிக்க மெல்லிசு கவரில் ஊற்றி ரப்பர் பேண்ட் சுற்றித் தருகிறார்கள். பாத்திரத்தோடு வருகிறவருக்கு ஹோட்டல்காரர்கள் அஞ்சு ரூபாய் குறைத்தால் பாதிப் பேர் மாறுவார்கள் என்று நினைக்கிறேன். மீதிப் பேர் மாற மாட்டார்கள். சரி, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சாம்பாருக்கு வழி தெரியவில்லை என்பதற்காகத் தக்காளிக்கும் கவர் கொடு என்பது என்ன நியாயம்?

எல்லைப் பிரச்சினை வேறு. மத்திய அரசு விதிப்படி 2022 கடைசியிலிருந்து 120 மைக்ரானுக்குக் குறைந்த தடிமன் உள்ள பைதான் கூடாது. நம் மாநிலத்தில் எந்த மைக்ரானும் கூடாது. காட்பாடியைத் தாண்டி கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டைக் கடந்தால் ஆந்திரா. அந்தப் பக்கம் செல்லுபடியாகிற சரக்கு இந்தப் பக்கம் குற்றம். சென்னையில் இருப்பவர்களுக்கு இது புரியாது, நமக்குப் புரிய வேண்டும். மாதத்துக்கு ஒருநாள் பூக்கடையில் செய்கிற ரெய்டை அந்தச் சாலையிலும் மொத்தக் கடைகள் இருக்கிற மண்டித் தெருவிலும் செய்யச் சொல்லிக் கேட்கலாமே.

மஞ்சப்பைக்கு வருவோம். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் ஆரம்பித்ததிலிருந்து எந்த விழாவுக்குப் போனாலும் ஒரு பை தருகிறார்கள். கல்யாணத் தாம்பூலப் பை ஏற்கெனவே வீட்டுக்கு வீடு கதவுக்குப் பின்னால் கொத்தாகத் தொங்குகிறது. பைக்குப் பஞ்சமே இல்லை. கடைக்குப் போகும்போது அது கையில் இல்லை என்பதுதான் சிக்கல். தானியங்கி மிஷின் வைத்தார்கள், நல்லதுதான். பத்து ரூபாய் போட்டால் பை வரும். பையைத் திருப்பிப் போட்டால் பத்து ரூபாய் வராது. (பத்து ரூபாய் காசை வாங்கவே நம்ம ஊர்க்காரர்கள் யோசிப்பார்கள் என்பது தனிக்கதை.)

இதற்கு வழிகாட்டி டாஸ்மாக் என்றால் சிரிப்பீர்கள். நீலகிரியில் 2022-ல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தர ஆரம்பித்தார்கள். காட்டில் எறிகிற பாட்டிலுக்கு விலை வந்தது, பாட்டில் கடைக்குத் திரும்பியது. அதையே துணிப்பைக்குச் செய்யலாம். உழவர் சந்தையில் ஆரம்பிப்பது சுலபம். விவசாயி அடையாள அட்டை, கடை ஒதுக்கீடு, விலைப் பலகை, நிர்வாக அலுவலர் என்று ஒரு ஒழுங்கு அங்கே ஏற்கெனவே இருக்கிறது. பையை மகளிர் குழுக்கள் தைத்துத் தரட்டும். வாசலில் இருபது ரூபாய் கொடுத்துப் பையை வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த முறை வரும்போது அங்கே வாங்கிய பை எதைக் கொடுத்தாலும் இருபது ரூபாய் திரும்ப வரும். முதல் இரண்டு மாதம் பாதிப் பைகள் திரும்பாமலே போகும். போகட்டும், இருபது ரூபாய் கைக்கு வந்துவிட்டதே, அதில் அடுத்த பையைத் தைத்துக்கொள்ளலாம்.