முகத்துக்குப் பின்னால் ஏறும் பச்சை: ஒரு 1995 திகில் ஆட்டத்தை இன்று எப்படி ஆடுவது

‘ஐ ஹேவ் நோ மௌத், அண்ட் ஐ மஸ்ட் ஸ்க்ரீம்’ என்ற கணினி ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே இரண்டு கட்சி கிளம்பிவிடும். “கதை அருமை, புதிர்கள் கொடுமை” என்பது முதல் கட்சி. “வாக்த்ரூவை (படிப்படியான விடைக்குறிப்பை) பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே ராத்திரியில் முடித்தாயிற்று, அப்படி ஒன்றும் பயமில்லையே” என்பது இரண்டாவது. முதல் கட்சி சொல்வதில் பாதி உண்மை. இரண்டாவது கட்சி ஆடியது இந்த ஆட்டத்தையே இல்லை என்பது என் கட்சி. அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன். ஆடாதவர்களுக்கு எச்சரிக்கை: கதையின் முக்கியத் திருப்பங்கள் சில கீழே வரும். இன்னொரு எச்சரிக்கை: தற்கொலை, பாலியல் வன்முறை, யூத இனப்படுகொலை மூன்றும் இதில் நேரடியாக வருகின்றன. இவற்றில் எதுவும் உங்களைப் புண்படுத்துமானால் தயங்காமல் தவிர்த்துவிடுங்கள்.

ஹார்லன் எலிசன் 1967-இல் எழுதிய சிறுகதைதான் மூலம். மனித குலத்தை அழித்துவிட்டு ஐந்தே பேரை மட்டும் உயிரோடு வைத்து 109 வருடமாகச் சித்திரவதை செய்யும் ராட்சதக் கணினி ஏ.எம். அந்தக் கதையை 1995-இல் சைபர்ட்ரீம்ஸ் நிறுவனம் பாயிண்ட் அண்ட் கிளிக் ஆட்டமாக வெளியிட்டது. நிரலாக்கம் ட்ரீமர்ஸ் கில்ட். வடிவமைப்பில் முதலில் எலிசனோடு உட்கார்ந்த டேவிட் சியர்ஸ், சிறுகதையில் பதில் இல்லாத ஒரு கேள்வியை அவரிடம் கேட்டார்: கோடிக்கணக்கானவர்களில் இந்த ஐந்து பேரை மட்டும் ஏ.எம். ஏன் விட்டுவைத்தது? அந்தக் கேள்விக்கான பதில்தான் மொத்த ஆட்டமும். கோரிஸ்டர், பென்னி, எலன், நிம்டாக், டெட் என்று ஆளுக்கொரு அத்தியாயம். ஒவ்வொருவரின் பழைய காயத்தையோ பழைய குற்றத்தையோ தோண்டியெடுத்து அதையே மேடையாக அமைத்து, உள்ளே தள்ளிவிட்டு வேடிக்கை பார்க்கிறது ஏ.எம்.

அந்த ஏ.எம்.முக்குக் குரல் கொடுத்தவரும் எலிசனே. தன் வெறுப்பின் அளவைச் சொல்ல, தன் உடலுக்குள் ஓடும் 38.74 கோடி மைல் மின்சுற்றுகளைத் துணைக்கு அழைக்கும் அந்தத் தொடக்கப் பேச்சை எழுத்தாக மட்டும் படித்தால் மிகையாகத் தெரியும். குரலோடு கேளுங்கள். கொஞ்சலில் தொடங்கி ஒரே மூச்சில் அலறலுக்குப் போய், அடுத்த நொடி விருந்தாளியை வரவேற்பவர் போலத் திரும்பிவிடுகிறார். இந்தக் காரணத்துக்காகவே குரலை அணைத்துவிட்டு எழுத்தை மட்டும் ஓட்டாதீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். திரையின் கீழே நீங்கள் ஆடும் பாத்திரத்தின் முகம் இருக்கிறதல்லவா, அதன் பின்னணி நிறத்தைப் பாருங்கள். கறுப்பில் தொடங்கி, பச்சை ஏறி, வெளுத்துக்கொண்டே போகும். இதுதான் ஆன்ம பாரோமீட்டர். மனிதத்தன்மையோடு ஒரு காரியம் செய்தால் ஏறும். கொடூரமாகவோ சுயநலமாகவோ நடந்தால் இறங்கும். எண் கிடையாது, மணியோசை கிடையாது. கவனிக்காதவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் கடைசி அத்தியாயத்தில் உங்கள் ஆள் எவ்வளவு தாக்குப்பிடிப்பார் என்பது இதில்தான் தொங்குகிறது. ஐந்து அத்தியாயத்தையும் எப்படியோ ஒப்பேற்றிவிட்டு இறுதிக்கு வந்து “ஏன் தோற்றுக்கொண்டே இருக்கிறேன்?” என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் பலரும் இங்கேதான் கோட்டை விட்டிருப்பார்கள்.

ஆட்டத்துக்குள்ளேயே உளவியல் குறிப்பேடு என்று ஒன்று கிடைக்கும். திறந்தால் துப்பு சொல்லும். சொல்லிவிட்டு பாரோமீட்டரில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். அதனால் மாட்டிக்கொண்டால் முதலில் சேவ் செய்யுங்கள், பிறகு குறிப்பேட்டைப் படியுங்கள், துப்பை மனதில் வைத்துக்கொண்டு சேவுக்குத் திரும்பிவிடுங்கள். ஏமாற்று வேலைதான். ஏ.எம். விஷயத்தில் எனக்கு அதில் மனசாட்சி உறுத்தல் எதுவும் இல்லை.

வாக்த்ரூவை வைத்து ஆடினால் ஏன் பயம் போய்விடுகிறது என்றால், சாகச ஆட்டங்களை ஆடிப் பழகிய கைக்கு ஒரு பழக்கம் உண்டு. கண்ணில் பட்டதையெல்லாம் எடு, எடுத்ததையெல்லாம் எல்லாவற்றின் மேலும் போட்டுப் பார், கதவு திறந்தால் சரி. மற்ற ஆட்டங்களில் அது பாவமில்லை. இங்கே ஏ.எம். எதிர்பார்த்துக் காத்திருப்பதே அந்தப் பழக்கத்தைத்தான். நெஞ்சில் இதயம் இருந்த இடத்தில் ஓட்டையோடு ஒரு வான்கப்பலில் கண் விழிக்கும் கோரிஸ்டருக்கு ஒரே ஆசை, செத்துப்போக வேண்டும். மனைவி கிளினிஸ் மனநோய் விடுதிக்குப் போனதற்குத் தானே காரணம் என்று நம்புகிறவர். ஏ.எம். தாராளமாக அனுமதி கொடுக்கிறது: “செத்துக்கொள், இந்தத் தடவை தடுக்க மாட்டேன்.” கொடுத்த வழியில் போனால் ஏமாந்து, ஏ.எம். அடைத்துவைத்திருக்கும் கூண்டுக்கே திரும்பி வந்து சேருவீர்கள். அந்தக் குற்ற உணர்ச்சி நியாயமானதுதானா என்று விசாரிப்பதற்குத்தான் அந்த அத்தியாயம். வாக்த்ரூ இதை “இதை எடு, அங்கே போ, அவரிடம் பேசு” என்று சுருக்கிவிடும்போது தவறான வழியின் கவர்ச்சியே காணாமல் போய்விடுகிறது. விடைத்தாளை முன்னால் வைத்துக்கொண்டு தேர்வு எழுதினால் வியர்க்குமா?

பென்னியிடம் இது இன்னும் கூர்மை. தன் வீரர்களையே கொன்ற படை அதிகாரி, இப்போது குரங்கு போல உருக்குலைந்து பசியில் துடிக்கிறார். அவரை விட்ட இடம் ஒரு கற்காலக் கிராமம், அங்கே ஏ.எம்.முக்குப் பலி கொடுக்கச் சீட்டுக் குலுக்குகிறார்கள். பசியைத் தீர்ப்பதுதான் புதிர் என்று நினைத்து ஓடுபவர்கள் வெகுநேரம் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அந்த ஊரில் உருக்குலைந்த ஒரு குழந்தை இருக்கிறது, பென்னி கொன்ற வீரர்களின் கல்லறைகளும் இருக்கின்றன. வழி அந்தப் பக்கம்.

எல்லா அத்தியாயமும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். எலனுடையதுதான் காலத்தின் அடியை அதிகம் வாங்கியிருக்கிறது. மஞ்சள் நிறத்தைக் கண்டாலே நடுங்கும் பொறியாளர், மின்னணுக் குப்பையால் கட்டிய எகிப்தியப் பிரமிடுக்குள் மாட்டிக்கொள்கிறார். மஞ்சள் அச்சத்தைப் புதிராக்கிய விதம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்த அச்சத்தின் வேரில் உள்ள பாலியல் வன்முறையைச் சரியான பொத்தானை அழுத்தினால் கடந்துவிடக்கூடிய தடையாகக் காட்டியது இன்று உறுத்துகிறது. அவரை ஒரு பாதிக்கப்பட்டவராக மட்டுமே எழுதியிருக்கிறார்கள்; மற்ற நால்வருக்கும் ஒரு தவறு இருக்கிறது, இவருக்கு ஒரு காயம் மட்டும். ஒரே தராசில் இரண்டையும் நிறுக்கும் பாரோமீட்டர் இங்கே கொஞ்சம் அர்த்தம் இழக்கிறது.

நிம்டாக் நேர்மாறு. நாஜி முகாமில் கைதிகள் மேல் கொடூரச் சோதனைகள் நடத்திய மெங்கலேயோடு வேலை செய்த மருத்துவர். தான் செய்தது எதுவும் நினைவில்லை. அறுவை மேசையில் ஒரு சிறுவன், கையில் கத்தி. ஒரு கொடியவரின் கையை நம்மிடம் கொடுத்து “அடுத்து என்ன?” என்று கேட்கும் துணிச்சல் இன்றைய பெரிய ஸ்டுடியோக்களிடமும் அரிது. எனக்குப் பிடித்தது, ஆட்டம் அவரை மன்னித்து அனுப்புவதில்லை. நல்ல வழி என்று அங்கே இருப்பது ஒன்றே ஒன்று: அதிகாரத்தைப் பாதிக்கப்பட்டவர்கள் கையில் கொடுத்துவிட்டு அவர்கள் தீர்ப்புக்குத் தலை குனிவது. பிரெஞ்சு, ஜெர்மன் பதிப்புகளில் இந்த அத்தியாயத்தையே வெட்டிவிட்டார்கள். அதனால் அந்தப் பதிப்புகளில் சிறந்த முடிவை எட்டுவதும் கெட்டுப்போனது. பழைய பிரதியை எங்கிருந்தாவது தேடிப் பிடிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மொழியை. பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் திரையில் ஐந்து பேர் இருக்க வேண்டும். நான்குதான் என்றால் விட்டுவிடுங்கள்.

புதிர்கள் கொடுமை என்ற புகாருக்கு வருவோம். திரையில் எட்டு வினைகள்: நட, பார், எடு, பயன்படுத்து, பேசு, விழுங்கு, கொடு, தள்ளு. ‘தள்ளு’வுக்கும் ‘பயன்படுத்து’வுக்கும் இடையே ஆட்டம் பிடிவாதமாக வித்தியாசம் பார்க்கும். ஒன்று பலிக்கவில்லையென்றால் யோசனையே தப்பு என்று முடிவு கட்டாதீர்கள். மற்ற வினையையும் போட்டுப் பார்த்துவிட்டு நகருங்கள். இரண்டாவது, பேச்சு. ஒரு பொருளைக் கண்ட பிறகோ ஒரு சம்பவம் நடந்த பிறகோ பழைய ஆளிடம் புதுக் கேள்வி முளைக்கும். ஒருமுறை பேசி முடித்தாயிற்று என்று விட்டவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். மூன்றாவது, டெட்டின் கோட்டை. நோயில் படுத்திருக்கும் எலன், மந்திரக்காரி, வேலைக்காரி என்று ஆளாளுக்கு ஒன்று கேட்பார்கள். ஒருவருக்குக் கொடுத்த வாக்கு இன்னொருவரின் வழியை அடைத்துவிடலாம், அடைபட்டது உங்களுக்குத் தெரியவே தெரியாது. இது வடிவமைப்புப் பிழை, வக்காலத்து வாங்க மாட்டேன். ஏமாற்றுக்காரரான டெட்டுக்கு இந்த வாக்குறுதிச் சிக்கல் பொருத்தமானது. அடைபட்டதை ஏதாவது ஒரு வழியில் உணர்த்தியிருந்தால் புகாருக்கே இடமிருந்திருக்காது.

இதற்கு ஒரே மருந்து சேவ் ஒழுங்கு. ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் ஒரு ஸ்லாட். அதன் மேல் எழுதவே கூடாது. யாரிடமாவது பொருளைக் கொடுப்பதற்கு முன், யாரையாவது தாக்குவதற்கு முன், புது இடத்துக்குள் நுழைவதற்கு முன் தனித்தனி ஸ்லாட். பெயரில் முகப் பின்னணியின் நிறத்தையும் சேர்த்து எழுதுங்கள்: “பென்னி, குகை, இளம்பச்சை” என்பது போல. பின்னால் எந்த சேவுக்குத் திரும்புவது என்ற குழப்பம் வராது. ஒரு பாத்திரம் செத்தால் பதற வேண்டாம், ஏ.எம். அவரைக் கூண்டில் போடும், மறுபடி அனுப்பலாம். சாவதைவிட மோசமானது, மங்கலான நிறத்தோடு ‘ஜெயித்து’ வருவது.

வரிசை உங்கள் விருப்பம், ஆட்டம் கட்டாயப்படுத்தாது. என் பரிந்துரை கோரிஸ்டர், எலன், பென்னி, டெட், கடைசியாக நிம்டாக். கோரிஸ்டரிடம் ஆட்டத்தின் இலக்கணம் பிடிபடும். டெட்டிடம் போவதற்குள் சேவ் பழக்கம் கைக்கு வந்திருக்கும். நிம்டாக்குக்குப் பிறகு வேறு எந்த அத்தியாயம் வந்தாலும் சப்பென்றிருக்கும்.

இன்றைய கணினியில் ஓட்டுவது சுலபம். 2013-இல் நைட்டைவ் நிறுவனம் மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்த டிஜிட்டல் பிரதி போதும். பழைய ஆட்டங்களை ஓட்டுவதற்கென்றே டாஸ்பாக்ஸ், ஸ்கம்விஎம் என்று இரண்டு மென்பொருள்கள் உண்டு; டாஸ்பாக்ஸில் ஓட்டலாம், ஆனால் ஸ்கம்விஎம்தான் நல்லது. ஆட்டக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரை ஸ்கம்விஎம்மில் ‘ஆட் கேம்’ கொடுத்துக் காட்டினால் அதுவே அடையாளம் கண்டுகொள்ளும். ஆட்டத்தின் நடுவே கன்ட்ரோல், எஃப்5 சேர்த்து அழுத்தினால் சேவ், லோடு மெனு வரும். டாஸ்பாக்ஸிலேயே இருப்பவர்களுக்கு: மவுஸ் சிக்கிக்கொண்டால் கன்ட்ரோல், எஃப்10.

படம் 640×480, 256 நிறம். அக்காலத்தின் 320×200 ஆட்டங்களைப் போல இதை உயரவாக்கில் இழுத்துத் திருத்த வேண்டியதில்லை, ஏற்கெனவே 4:3 தான். அகலத் திரை முழுக்கப் பரப்பாதீர்கள், முகங்கள் பூசணிக்காயாகிவிடும். 1080 வரித் திரையில் சரியாக இரண்டு மடங்கு, அதாவது 1280×960. மேலும் கீழும் 60 பிக்சல் கறுப்பாக விடுங்கள். 1440 வரித் திரையில் மூன்று மடங்கு கச்சிதமாக உட்காரும். ஸ்கம்விஎம்மின் ‘பிக்சல் பெர்ஃபெக்ட்’ தேர்வு இந்தக் கணக்கை அதுவாகவே பார்த்துக்கொள்ளும். மென்மையாக்கும் ஃபில்டரை அணைத்துவிடுங்கள். இருட்டான பின்னணியில் சின்னப் பொருட்கள் அதில் கரைந்துபோகும். அப்புறம் புதிரைத் திட்டுவீர்கள். அறை விளக்கை அணைத்து, திரையின் காமாவை (இருண்ட பகுதிகளின் வெளிச்சத்தை) ஒரு படி ஏற்றுங்கள்.

ஒலியைப் பெரும்பாலானவர்கள் கவனிப்பதே இல்லை. ஜான் ஆட்மனின் இசை மிடி வடிவில், அதாவது பதிவான ஒலியாக இல்லாமல் கணினி வாசிக்க வேண்டிய இசைக்குறிப்பாக இருக்கிறது. ஃபோல்டரில் எஃப்எம் ஒலிக்கு (பழைய ஒலி அட்டைகளின் செயற்கை ஒலி) ஒன்று, ஜெனரல் மிடிக்கு ஒன்று என இரண்டு இசைக் கோப்புகள். அந்த எஃப்எம் வகையான ஆட்லிப் சாதனத்தில் ஓடினால் பொம்மைப் பியானோ போலக் கேட்கும். ஸ்கம்விஎம்மின் ஆடியோ அமைப்பில் சாதனத்தை ஃப்ளூயிட்சின்த் என்று மாற்றி, மிடி தாவலில் நல்ல சவுண்ட்ஃபான்ட் (வாத்திய ஒலிகளின் தொகுப்பு) ஒன்றைக் காட்டுங்கள். அடித்தொனியும் கோரஸும் அப்போதுதான் வெளியே வரும். கைபேசிப் பதிப்பும் உண்டு. இந்த இருட்டில் விரலால் துழாவி ஆடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஐந்து பேரும் தங்களை எதிர்கொண்டு மீண்டதும் ஏ.எம். குழம்பித் தனக்குள் சுருங்கும். அந்த இடைவெளியில், அதற்குள் புதைந்திருக்கும் ரஷ்ய, சீனக் கணினிகள் ஐவரில் ஒருவரை அதன் மூளைக்குள் அனுப்பும். அங்கே ஃப்ராய்ட் சொன்ன மனதின் மூன்று பகுதிகளான இட், ஈகோ, சூப்பர் ஈகோ மூன்றும், ஏ.எம்.முடையவை, ஆள் உருவில் நிற்கும். இரக்கம், மன்னிப்பு, தெளிவு என்ற சின்னங்களை யாரிடம் எதைப் பயன்படுத்துவது என்பதுதான் கடைசிப் புதிர். அதைச் சொல்லிக் கெடுக்கப்போவதில்லை. முகப் பின்னணி அதிகம் வெளுத்திருப்பவரை முதலில் அனுப்புங்கள். ஒருவர் விழுந்தால் அடுத்தவர் போகலாம், ஐவரும் விழுந்தால் கதை முடிந்தது. உதவி செய்த இரண்டு கணினிகளையும் அப்படியே நம்பிவிடாதீர்கள், அவையும் ஏ.எம்.மின் ஜாதிதான். நிலவில் உறைநிலையில் தூங்கும் 750 பேரைக் காப்பாற்றும் முடிவு ஒன்று இருக்கிறது. வாயில்லாத கூழாக மாறிக் கிடக்கும் முடிவும் இருக்கிறது. உள்ளே நுழைந்த உடனே ஒரு சேவ் போட்டுவைத்துக்கொண்டால் இரண்டையும் ஒரே உட்காரலில் பார்த்துவிடலாம். கூழ் முடிவை முதலில் பாருங்கள்.