களியக்காவிளையும் பாறசாலையும் தினமும் பேசிக்கொள்ள வேண்டும்

2020 ஜனவரி 8 அன்று இரவு, தமிழ்நாடு-கேரள எல்லையில் குமரி மாவட்டப் பக்கமுள்ள களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு வாரத்துக்குள் குற்றம் சாட்டப்பட்ட இருவர் உடுப்பியில் பிடிபட்டனர். துப்பாக்கி எர்ணாகுளம் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஓடையிலிருந்து எடுக்கப்பட்டது. பிப்ரவரியில் வழக்கு தேசியப் புலனாய்வு முகமைக்குப் போனது. மூன்று மாநிலக் காவல்துறையினரும் அன்று இணைந்து உழைத்ததை எங்கள் பகுதி மக்கள் மறக்கவில்லை. ஆனால் ஓர் உயிர் போன பிறகு கிடைத்த அந்த ஒத்துழைப்பு ஏன் அன்றாட நடைமுறையாக இருக்கக் கூடாது என்பதே என் கேள்வி.

சோதனைச் சாவடிகளைக் கூட்டுவது இதற்கு விடையாகாது. ரப்பர் தோட்டங்களுக்குள் புகுந்து போகும் ஊடுவழிகளில் பைக்கில் வருபவனுக்கு மாநிலம் மாறியதே தெரியாது. 1956 நவம்பர் 1 வரை ஒரே ஆட்சியின் கீழ் இருந்த மண் இது. பெண் கொடுத்ததும் எடுத்ததும் இருபுறமும்தான். தடுப்புகளைப் பெருக்கினால் அவதிப்படுவது திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கு நோயாளியை அழைத்துச் செல்லும் குடும்பங்களே.

கேரளத்தில் ‘காப்பா’ என்று வழங்கும் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தொடர்ந்து குற்றம் புரிபவரை மாவட்டத்துக்குள் நுழையக் கூடாதென்று விலக்கி வைக்கலாம். திருவனந்தபுரம் மாவட்டத்திலிருந்து அவ்வாறு விலக்கப்பட்டவர் களியக்காவிளையிலோ மார்த்தாண்டத்திலோ அறை எடுத்துத் தங்குவதை அந்த ஆணை தடுக்காது. ஆகவே ஆணை பிறந்த அன்றே அதன் நகலும் புகைப்படமும் களியக்காவிளை நிலைய எழுத்தரின் மேசைக்கு வந்துசேர வேண்டும். இங்கே குண்டர் சட்டத்தில் சிறை சென்று வெளியே வருபவரின் விவரமும் எல்லைக்கு அப்பால் கேரளத்திலுள்ள பாறசாலை காவல் நிலையத்துக்குச் செல்ல வேண்டும். நாடு முழுவதும் காவல் நிலையங்களைக் கணினியில் இணைத்திருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் எந்தப் பெயரைத் தேட வேண்டும் என்று தெரிந்தவருக்கே அது பயன்படும்.

துப்பாக்கி விஷயத்தில் இது இன்னும் முக்கியம். பீகாரின் முங்கேர், மத்தியப் பிரதேசத்தின் கார்கோன் போன்ற இடங்களில் கள்ளத்தனமாகச் செய்யப்பட்டுக் கைமாறிக் கைமாறி வரும் துப்பாக்கிகளுக்கு நம்பத்தகுந்த வரிசை எண் இராது. குழல் குண்டின்மீது இடும் கீறலும், சுடும் ஊசி தோட்டா உறையின் அடியில் பதிக்கும் தழும்புமே அவற்றின் அடையாளம். பாறசாலையில் கிடைத்த உறை கேரள ஆய்வகத்திலும், மார்த்தாண்டத்தில் பிடிபட்ட துப்பாக்கி தமிழ்நாட்டு ஆய்வகத்திலும் தனித்தனியே கிடந்தால், இரண்டையும் யார் ஒப்பிட்டுப் பார்ப்பது?

சட்டத்தில் குறை இல்லை. ஆயுதச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு ஆயுதக் கடத்தலுக்குக் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் திட்டமிட்ட குற்றத்துக்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

கன்னியாகுமரி மாவட்டக் காவல் கண்காணிப்பாளரும் திருவனந்தபுரம் ஊரகக் கண்காணிப்பாளரும் ஆளுக்கொரு சுற்றறிக்கை அனுப்பினாலே இதைத் தொடங்கிவிடலாம். எல்லையோர நிலைய ஆய்வாளர்கள் வாரந்தோறும் சந்திக்க வேண்டும். பரிமாறிய பெயர்களும் பறிமுதலான ஆயுதங்களின் விவரமும் இரு நிலையப் பதிவேடுகளிலும் ஏற வேண்டும். அப்போதுதான் ஓர் ஆய்வாளர் மாற்றலாகிப் போனாலும், புதிதாக வருபவர் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும்.