பணம் இல்லாததால் பறிபோன உரிமை அல்ல

மேலே ஒருவர், "நைட் ஆஃப் த லிவிங் டெட் படத்தின் காப்புரிமையைப் பதிவு செய்ய ஜார்ஜ் ரொமேரோவிடம் காசில்லை, அதான் இலவசமாகக் கிடைக்கிறது" என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க.

ஜார்ஜ் ரொமேரோ இயக்கி 1968இல் வந்த அமெரிக்கத் திகில் படம் அது; செத்தவர்கள் எழுந்து வந்து மனிதர்களைத் தின்னும் கதை. வெளியீட்டுக்கு முன் வைத்திருந்த பெயர் 'நைட் ஆஃப் த ஃப்ளெஷ் ஈட்டர்ஸ்'. திரையில் அந்தப் பெயரைக் காட்டும் தலைப்பு அட்டையில், உரிமை யாருடையது என்று சொல்லும் காப்புரிமை வாசகம் இருந்தது. விநியோகம் செய்த வால்டர் ரீட் நிறுவனம் பெயரை மாற்றிப் புது அட்டை போட்டபோது அந்த வாசகத்தை விட்டுவிட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த வாசகம் இல்லாமல் வெளியிட்டால் உரிமை போச்சு. பதிவுக் கட்டணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

விளைவு: கண்டவர்களும் தேய்ந்த பிரதியிலிருந்து கேசட் போட்டு விற்றார்கள். "படமே மங்கல், இருட்டில் ஒன்றும் தெரியவில்லை" என்று இங்கே சிலர் சொல்வதும் அந்தப் பிரதிகளால்தான். மூல நெகட்டிவிலிருந்து நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் மீட்டெடுத்து 2016இல் திரையிட்ட பதிப்பைப் பாருங்கள். கறுப்பு வெள்ளை அவ்வளவு கூர்மை! (ரத்தம் சாக்லேட் சிரப் என்பது தெரிந்த பிறகும் பயமாகத்தான் இருக்கிறது.)

குறை சொல்லணும்னா படத்தில் வரும் பார்பரா என்ற பெண் பாத்திரத்தைச் சொல்லுங்கள். பாதிப் படம் சோபாவில் உறைந்து உட்கார வைத்துவிட்டார்கள். அதை நானும் ஒத்துக்கொள்வேன்.

இன்னொன்று, 1990இல் வந்த வண்ண மறு ஆக்கம் இலவசம் இல்லை. இரண்டையும் குழப்பி லிங்க் போடாதீர்கள்.