ஒரே பெயரில் அடங்காத மூன்று பழக்கங்கள்

உணவை எடுத்து உண்ணும் இணைக் குச்சிகளான சாப்ஸ்டிக்குகளைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில், சீனா, ஜப்பான், கொரியா மூன்றையும் ‘சாப்ஸ்டிக் பண்பாடு’ என்ற ஒரே பெயரில் கட்டுரையாளர் அடக்கிவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. மேசை நடுவிலுள்ள பொதுத் தட்டுகளிலிருந்து எல்லாரும் எடுத்து உண்ணும் சீனாவில் குச்சி நீளமாகவும் முனை மழுங்கியும் இருக்கிறது. அவரவர்க்குத் தனிக் கிண்ணங்களில் பரிமாறி, மீனை முள் நீக்கி உண்ணும் ஜப்பானில் அது குட்டையாகவும் கூர்முனையுடனும் அமைந்திருக்கிறது. கொரியர்கள் உலோகக் குச்சியோடு கரண்டியையும் இணையாக வைத்து, சோற்றையும் சூப்பையும் மரபாகக் கரண்டியாலேயே உண்கிறார்கள். சோற்றுக் கிண்ணத்தைக் கையில் ஏந்துவது ஜப்பானில் நன்னடத்தை, கொரியாவிலோ மரியாதைக் குறைவு.

ஜப்பானில் ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு உணவை மாற்றக் கூடாது என்பதை வெறும் ‘மேசை நாகரிகம்’ என்று கட்டுரை கடந்து செல்வது வருத்தமளிக்கிறது. தகனத்துக்குப் பின் உறவினர்கள் இறந்தவரின் எலும்புகளைக் குச்சிகளால் எடுத்துக் கலசத்தில் இடும் சடங்கை அச்செயல் நினைவூட்டுகிறது என்பதே அந்தத் தடையின் காரணம்; சோற்றில் குச்சியைச் செங்குத்தாக நட்டு வைக்கக் கூடாது என்பதும் இறந்தவருக்குப் படைக்கும் சோற்றை ஒட்டி எழுந்ததுதான்.

2018இல் டோல்சே அண்ட் கபானா என்ற இத்தாலிய ஆடை நிறுவனத்தின் விளம்பரம், ஒரு சீனப் பெண் சாப்ஸ்டிக்கால் பீட்சா உண்ணத் தடுமாறுவதாகக் காட்டியது. அதற்கு எழுந்த கோபத்தை ‘மிகையுணர்ச்சி’ என்கிறார் கட்டுரையாளர். அன்றாடம் உண்ணும் கருவியையே கேலிப்பொருளாக்கினால், உண்பவரையும் அந்தக் கேலி தொடத்தானே செய்யும்? ஷாங்காயில் நடக்கவிருந்த அந்நிறுவனத்தின் ஆடை அணிவகுப்பு ரத்தானதில் எனக்கு எந்த வியப்பும் இல்லை.