யாரோட ஸ்கேனர் ஆயா இது?

போன பொங்கலுக்கு சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த தங்கச்சி, கிளம்புகிற அன்றைக்குத் தன் கையிலிருந்த வாட்சைக் கழற்றி என் கையில் கட்டிவிட்டாள். "நான் புதுசு வாங்கிட்டேண்ணா, இது உனக்கு." அங்கே அவள் பர்ஸே எடுப்பதில்லையாம். பஸ்ஸில் ஏறும்போது மணிக்கட்டைக் காட்டுவாளாம், இறங்கும்போது காட்டுவாளாம், காபிக்கடையில் காட்டுவாளாம். அவ்வளவுதான், காசு கணக்கிலிருந்து போய்விடும்.

எனக்கும் ஆசை வந்துவிட்டது. மறுநாள் காலை காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் டீ குடித்துவிட்டு, சும்மா விளையாட்டுக்குக் கல்லாவுக்கு நேராகக் கையை நீட்டினேன். கடைக்காரர் குனிந்து வாட்சைப் பார்த்தார். "ஏழே முக்கா. ஓசூர் வண்டி போயிருக்குமே சார்" என்றார்.

வருஷம் ஆகப்போகிறது. அந்த வாட்ச் இங்கே மணி காட்டுகிறது, நடந்த அடியை எண்ணுகிறது, மெசேஜ் வந்தால் மணிக்கட்டில் குறுகுறுக்கிறது. பணம் மட்டும் கட்டாது. நம்ம ஊர் பாங்க் கணக்கோடு அதற்குப் பேச்சுவார்த்தை இல்லை. மகள் மட்டும் விடவில்லை, என் ஸ்கேனர் படத்தை அதற்குள் ஏற்றிவைத்தாள். "யாராச்சும் உனக்குப் பணம் போடணும்னா கையைக் காட்டுப்பா, போதும்." எனக்கு யார் பணம் போடப் போகிறார்கள்? நான் என்ன கடையா வைத்திருக்கிறேன்?

அதற்காக இந்தியாவில் தட்டிப் பணம் கட்டுகிற வாட்சே கிடையாது என்று நினைக்கவேண்டாம். டைட்டன் கம்பெனி 2020லேயே ஸ்டேட் பாங்கோடு சேர்ந்து அப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. முள் வாட்ச்தான், சிப்பு வாருக்குள் இருக்கும், தினமும் சார்ஜ் போடுகிற தொல்லை இல்லை. டாடாவும் நம்ம தமிழ்நாடு அரசோட டிட்கோவும் கூட்டாக 1984ல் ஆரம்பித்த கம்பெனி அது. தொழிற்சாலை நம்ம மாவட்டத்து ஓசூரில். வாட்ச் செய்து நாட்டுக்கே அனுப்பின ஊர்க்காரன், வாட்சை நீட்டினால் மணி சொல்லி அனுப்புகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

எங்கள் கம்பெனியில் ஒருத்தர் அந்த மாதிரி ஒன்று கட்டியிருக்கிறார். ஒருநாள் ஷிப்ட் முடிந்து ஓசூரில் ஒரு பெரிய மளிகைக் கடைக்கு இரண்டு பேரும் போனோம். பில் 640 ரூபாய். கார்டு மெஷின் இருந்தது. தட்டினால் போதும் என்பதற்கு அதன் மேல் நாலு வளைவு போட்ட சின்னமும் இருந்தது. பில் போடுகிற பெண் கார்டு வாங்கக் கையை நீட்ட, இவர் வாட்சை நீட்டினார்.

"கார்டு சார்."

"இதுதாம்மா கார்டு."

அந்தப் பெண் வாரைப் பார்த்தது, இவர் முகத்தைப் பார்த்தது, மெஷினைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டது. சூப்பர்வைசர் வந்தார். அவருக்கு இவர் முதலிலிருந்து சொன்னார். பின்னால் எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு நின்றவர், "அட, ஜிபே பண்ணிட்டு நகருங்க சார்" என்றார். கடைசியில் மெஷினைத் திருப்பி வைக்க, வாரைக் கிட்டே கொண்டுபோக, கீச்சென்று ஒரு சத்தம். ரசீது வந்துவிட்டது. பின் நம்பர்கூடக் கேட்கவில்லை. 2021 ஜனவரியிலிருந்து 5000 ரூபாய் வரைக்கும் தட்டினால் போதும், கேட்காது. வேலை ஒரு நொடிதான். அந்த ஒரு நொடிக்கு முன்னால் நாலு நிமிஷப் பஞ்சாயத்து.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. தட்டுவதென்றால் எதிரே ஒரு மெஷின் வேண்டும், இரண்டும் ரெண்டு விரற்கடை தூரத்துக்குள் வந்தால்தான் பேசிக்கொள்ளும். அந்த மெஷினுக்கு வாடகை, கார்டுக்குக் கமிஷன், பேப்பர் ரோல், சார்ஜ் என்று எல்லாமே கடைக்காரர் தலையில். நான் பாக்கெட்டுக்குள் கையை விட்டு போனை எடுக்கிற சிரமம் மிச்சமாக அவர் எதற்கு மாசாமாசம் அழவேண்டும்?

ஸ்கேனர் அட்டைக்கு அதெல்லாம் வேண்டாம். ஒரு தாள், கொஞ்சம் கோந்து. அந்தக் கட்டம் போட்ட படம் 1994ல் ஜப்பானில் டென்சோ வேவ் கம்பெனி கார் உதிரிப் பாகங்களை அடையாளம் வைக்கக் கண்டுபிடித்தது. எங்கள் லைனில் ஓடுகிற பாகத்தின் மேலும் அதே கட்டம்தான் ஒட்டியிருக்கும். பகல் முழுக்க அதை ஸ்கேன் பண்ணிவிட்டு, சாயந்திரம் வீட்டுக்குப் போகிற வழியில் போண்டாவுக்கும் அதையே ஸ்கேன் பண்ணுகிறேன். யுபிஐ வந்தது 2016ல். அதே வருஷம் நவம்பரில் 500, 1000 நோட்டு செல்லாது என்று சொல்லி எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார்கள், ஞாபகம் இருக்கும். ஆனால் நம்ம பக்கத்து சின்னக் கடைகளில் அட்டை நிலைத்து நின்றதற்கு, 2020 ஜனவரியிலிருந்து யுபிஐக்குக் கடைக்காரரிடம் கமிஷன் பிடிக்கக்கூடாது என்று வந்ததும் ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம். 2025 ஆகஸ்ட் ஒரே மாசத்தில் நாடு முழுக்க 2000 கோடி தடவைக்கு மேல் யுபிஐயில் பணம் போயிருக்கிறது. அதில் என்னுடைய 12 ரூபாய் டீ ஒரு அறுபது இருக்கும்.

பணம் வந்ததும் தொகையைச் சத்தமாகச் சொல்கிற டீக்கடைப் பெட்டியைச் சொல்லாமல் விட முடியாது. ஆவி படாமலிருக்க பாலித்தீன் கவர் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, ஆணியில் தொங்கும். உள்ளே தனியாக ஒரு சிம் இருக்கிறது, அதற்கு மாச வாடகையும் உண்டு. கமிஷன் இல்லாவிட்டாலும் இந்த வழியில் கொஞ்சம் கறந்துவிடுகிறார்கள். மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பால் பொங்குகிறது, வடை எண்ணெயில் கிடக்கிறது, பஸ் ஹாரன் அடிக்கிறது. அத்தனை சத்தத்திலும் பெட்டி "பன்னிரண்டு ரூபாய்" என்றால் அவர் காது பிடித்துவிடும். பெட்டி பேசாவிட்டால்தான் தலை நிமிரும். பெட்டி வருவதற்கு முன்னால் பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி டீ குடித்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று அவரைக் கேளுங்கள். பெட்டி யாருக்காகச் செய்தது என்று பாருங்கள், வாங்குகிறவருக்காக. வாட்ச் கொடுக்கிறவனுக்காகச் செய்தது. அதனால்தான் ஊருக்குள் பெட்டி பேசுகிறது, வாட்ச் அடி எண்ணிக்கொண்டு கிடக்கிறது.

எப்போதும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றும் சொல்லமாட்டேன். 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. திங்கட்கிழமை தமிழ் வருஷப் பிறப்பு. மளிகைக் கடையில் நல்ல கூட்டம். நாடு முழுக்க யுபிஐ படுத்துக்கொண்டது. வெல்லமும் மாங்காயும் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் வட்டம் சுற்றுகிற போனையே பார்க்கிறார்கள். கடைக்காரர் பேசாமல் கல்லாவுக்கு அடியிலிருந்து பழைய கடன் நோட்டை எடுத்துத் தூசி தட்டினார். தெரிந்த முகத்துக்கெல்லாம் சாமான் கிடைத்தது. தெரியாதவர்கள் ஏடிஎம் தேடிப் போனார்கள். சின்னத் தொகைக்கு யுபிஐ லைட் வைத்துக்கொண்டால் நல்லது. 5000 வரைக்கும் போட்டு வைக்கலாம், ஒரு தடவைக்கு 1000 வரை பின் இல்லாமல் போகும். டீக்கும் காய்க்கும் நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

சரி, காய்க்கு வருகிறேன். இந்தப் பதிவே அதற்காகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்குப் போவது எனக்குப் பழக்கம். அங்கே ஒரு ஆயா. சாக்கு விரித்து அவரைக்காயைக் கூறு கட்டி வைத்திருக்கும். பச்சைத் துவரை படியில். பக்கத்தில் பிளாஸ்டிக் ஒட்டின ஸ்கேனர் அட்டை, காற்றில் பறக்காமலிருக்க அரைச் செங்கல்லில் சணல் போட்டுக் கட்டியிருக்கும். நானும் மாசக்கணக்கில் அதில்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள்தான் போனில் வந்த பெயரைச் சரியாகப் பார்த்தேன். ஆம்பளைப் பெயர்.

"யாரோட ஸ்கேனர் ஆயா இது?"

"எம் பேரனோடது சாமி. பெங்களூர்ல வேலை செய்யிறான். அவந்தான் ஒட்டிக் குடுத்தான்."

"பணம் வந்துச்சான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ போட்டன்னு சொல்ற இல்ல?"

ஆயாவிடம் பெட்டி இல்லை. இடுப்பில் ஒரு பட்டன் போன் இருக்கிறது, அதுவும் பேரன் ராத்திரி கூப்பிடுவதற்கு. "இன்னைக்கு எட்நூத்தி அறுவது ஆயா" என்று அவன் கணக்குச் சொல்வானாம். அந்த எட்டுநூற்று அறுபதை எப்போது கொடுப்பான் என்று கேட்டேன்.

"கேட்டா குடுப்பான் சாமி."

நல்ல பையனாகத்தான் இருக்கவேண்டும், ஆயா ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் "கேட்டா" எனக்கு வீடு வரைக்கும் தொண்டையில் நின்றது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, பனியில் காய் பறித்து, தலைச்சுமையாகத் தூக்கிவந்து விற்ற காசு. அதைக் கேட்டு வாங்கவேண்டும். முன்னெல்லாம் சாயந்திரம் சந்தை கலையும்போது சுருக்குப் பை கனத்திருக்கும். ஆயா அதிலிருந்து எடுத்து உப்பு, கருவாடு, வெத்தலை வாங்கும், பேரப்பிள்ளைக்கு காராச்சேவு வாங்கும். இப்போது எல்லாக் காயும் விற்றும் பை தொங்கிக் கிடக்கிறது. சுங்கம் வசூலிக்க வருகிறவருக்குக் கொடுக்க நோட்டு வேண்டும், அவரிடம் ஸ்கேனர் கிடையாது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் வீடு போய்ச் சேருகிறது.

இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் தெருவில் தையல் மெஷின் போட்டிருக்கிற அக்காவை எடுத்துக்காட்டினாள். அந்த அக்காவுக்கு 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் அவர் பெயரிலேயே கணக்கில் விழுகிறது. ஜாக்கெட் கூலியும் அதே கணக்குக்கு ஸ்கேனரில் வருகிறது. பின் நம்பர் புருஷனுக்குத் தெரியாது. "நோட்டா இருந்தா அரிசி டப்பாவுல வெச்சாலும் அந்த ஆளு மோப்பம் பிடிச்சு எடுத்துட்டு டாஸ்மாக் போயிருவாரு. அவங்களுக்குக் காவலே அந்த போன்தான்" என்றாள். எனக்குப் பதில் இல்லை. இரண்டும் ஒரே மாதிரி அட்டைதான். ஒன்றில் சொந்தப் பெயர் வருகிறது, இன்னொன்றில் வேறு பெயர்.

அட்டையில் ஆயா பெயர் வந்துவிட்டால் தீர்ந்தது என்று நானும் கிளம்பிப் பார்த்தேன். பட்டன் போனிலேயே யுபிஐ செய்ய 2022லிருந்து வசதி இருக்கிறது. ஆனால் ஆயாவின் பாங்க் கணக்கில் பதிந்திருக்கிற நம்பரும் பேரனுடையது. மாற்ற ஆதாரை எடுத்துக்கொண்டு நேரில் பாங்குக்குப் போகவேண்டும். நான் கூட்டிப்போகிறேன் என்றேன். "ஒரு நாள் பொழப்பை உட்டுட்டு அங்க போய் யாரு சாமி குந்திக்கிறது?" என்று சிரித்துவிட்டது. அதோடு அந்தப் பேச்சு நின்றது.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை நான் நோட்டு ஆசாமி. சொல்வது சுலபம். ஏடிஎம்மில் ஐநூறாகத்தான் வருகிறது. வெள்ளிக்கிழமையிலிருந்தே பத்து இருபதாகச் சேர்க்கவேண்டும். டீக்கடையில் கேட்டால், "எல்லாரும் ஸ்கேன் பண்றாங்க, சில்லறைக்கு நான் எங்க சார் போவேன்" என்கிறார். 2025 ஜூலையில் பெங்களூரில் யுபிஐ கணக்கைப் பார்த்து சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனதும், அங்கே "கேஷ் மட்டும்" என்று அட்டை தொங்கவிட்டார்களே, அந்த ஒரு வாரம் மட்டும் இவர் கல்லாவிலும் நோட்டு புழங்கியது. பயம் தெளிந்ததும் பழையபடி பெட்டிதான்.

போன ஞாயிறு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். என் ஒரு கையில் காய்ப் பை, இன்னொரு கையில் கால் கட்டின நாட்டுக்கோழி. ஆயாவிடம் காரில் வந்த ஒருத்தர் நாலு கூறு அவரையும் ரெண்டு படி துவரையும் வாங்கி, 260 ரூபாய்க்கு போனை எடுத்து அட்டைக்கு நேராகக் குனிந்தார். ஆயா சட்டென்று அட்டையைக் கவிழ்த்துவிட்டது.

"இரு சாமி." என்னைப் பார்த்தது. "நீ நோட்டு வெச்சிருக்க இல்ல? அவரு உனக்குப் போடட்டும். நீ எனக்குக் குடு."

அந்த மனுஷன் குழம்பிப்போய் என்னைப் பார்க்கிறார். என் போன் பேண்ட் பாக்கெட்டில், கோழியைக் கீழே விடவும் முடியாது. அப்போதுதான் மகள் ஏற்றிவைத்த படம் ஞாபகம் வந்தது. பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு, மூக்கால் தட்டி, கோழியோடு சேர்த்து வாட்சை நீட்டினேன். வெயில் பளிச்சென்று அடித்ததில் முதல் தடவை ஸ்கேன் ஆகவில்லை. ஆயா எழுந்து வந்து வாட்சுக்கு மேலே இரண்டு கையையும் குவித்து நிழல் பிடித்தது. மணிக்கட்டு குறுகுறுத்தது, 260. கோழியை ஆயாவிடம் கொடுத்துவிட்டு எண்ணிக் கொடுத்தேன். ஆயா கோழியைக் காலுக்கு அடியில் அமுக்கிக்கொண்டு இன்னொரு தடவை எண்ணியது, சுருக்குப் பையில் போட்டு இழுத்து முடிந்தது.

நான் கோழிக்குக் கை நீட்டினேன்.

"சாமி, அந்த நீலப் பொடவைக்காரம்மாவும் காய் எடுக்குறாங்க. அந்தக் கையை இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே வெச்சிரு."