வழக்கு வேலைக்கா, பங்குக்கா?

புதுச்சேரி லாஸ்பேட்டையில் நாலு பேரோடு தொடங்கிய கம்பெனியைப் பெங்களூர்க்காரர்கள் வாங்குகிறார்கள். பெரும்பங்கு அவர்களுக்கு; தொடங்கியவருக்கு மீதிப் பங்கும் மாதச் சம்பளமும். இரண்டு வருஷம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருடைய ஆபீஸ் மெயில் திறக்காது. ஆட்குறைப்பு என்று கடிதம் வரும். சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் “கேஸ் போடு, விடாதே” என்பார்கள்.

வேலை போனதற்காகப் போடாதீர்கள் என்பேன். பங்குக்கும், கம்பெனியை விற்ற ஒப்பந்தப்படி வரவேண்டிய பாக்கிக்கும் போடலாம்.

லேபர் ஆபீஸ் படி ஏறிப் பயனில்லை. பழைய 1947 தொழில் தகராறு சட்டமானாலும், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பானாலும், நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர் ‘தொழிலாளி’ கணக்கில் வரமாட்டார். சிவில் கோர்ட்டும் வேலையைத் திருப்பி வாங்கித் தராது. கிடைப்பது பெரும்பாலும் நோட்டீஸ் காலச் சம்பளம்தான். மூணு மாசச் சம்பளத்துக்கு வருஷக்கணக்கில் வாய்தாவுக்கு அலைந்தால் வக்கீல் ஃபீஸுக்கே பத்தாது. (5 வருஷ சர்வீஸ் முடிந்திருந்தால் கிராஜுவிட்டியைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அது தனிக் கணக்கு.) பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்பதை மட்டும் வைத்து கம்பெனி சட்டம் சொல்லும் ‘ஒடுக்குமுறை’ (பெரும்பங்குக்காரர்கள் சிறு பங்குதாரரை நசுக்குவது) என்று வாதாடுவதும் கஷ்டம். டாடா சன்ஸ் தலைவர் பதவியிலிருந்து சைரஸ் மிஸ்திரியை நீக்கிய டாடா–மிஸ்திரி வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் அதைத்தான் சொன்னது.

பணம் இருப்பது பங்குதாரர் ஒப்பந்தத்தில். அதில் ‘குட் லீவர்’ (நல்லபடியாக வெளியேறியவர்), ‘பேட் லீவர்’ (கெட்டபடியாக வெளியேறியவர்) என்று இரண்டு வார்த்தைகளுக்கு விளக்கம் இருக்கும். ஆட்குறைப்பில் போனவர் பொதுவாகக் குட் லீவர்; பங்கு அவரிடமே இருக்கும், அல்லது சந்தை மதிப்புக்கு வாங்கிக்கொள்வார்கள். ஒழுங்கீனம் என்று எழுதிவிட்டால், பல ஒப்பந்தங்களில் முகமதிப்புக்கே, பத்து ரூபாய்க்குக்கூட, எழுதிக் கொடுக்க வேண்டிவரும். பல ஒப்பந்தங்களில் தானாக ராஜினாமா செய்தவரும் பேட் லீவர்தான். அதனால்தான் எச்.ஆர். அன்பாகச் சொல்வார்: “நீங்களே ராஜினாமா கொடுத்துடுங்க சார், கௌரவமா இருக்கும்.” கொடுக்காதீர்கள். கடைசி செட்டில்மெண்ட் தாளையும் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். ‘இனி எந்தப் பாக்கியும் இல்லை’ என்ற வரி மூணாம் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கும். அதற்குப் பிறகு பங்கைப் பற்றிப் பேசினால் அந்த வரியைத்தான் முதலில் காட்டுவார்கள்.

பங்கில் மோசடி நடந்திருந்தால் சென்னை ராஜாஜி சாலையில் இருக்கும் கம்பெனி சட்டத் தீர்ப்பாயம். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் அதுதான். 10 சதவீதப் பங்கு இருந்தால்தான் போக முடியும் என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். உறுப்பினர் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கு என்ற வழியும் உண்டு. எட்டே பங்குதாரர்கள் உள்ள பிரைவேட் கம்பெனியில் ஒருவரே போதும். ஆனால் ஈசாப் (ஊழியருக்குப் பங்கு வாங்கக் கம்பெனி தரும் உரிமை) கையில் இருந்து இன்னும் பங்காக மாற்றாதவர் உறுப்பினர் இல்லை. அதை மாற்றிக்கொள்ளும் கெடு பல திட்டங்களில் 90 நாள்தான், முதலில் அதைப் பாருங்கள்.

கம்பெனி விற்ற பாக்கிக்குப் பெரும்பாலும் கோர்ட் இல்லை, நடுவர் மன்றம் (ஆர்பிட்ரேஷன்) என்றுதான் ஒப்பந்தம் சொல்லும். ‘கம்பெனியே ஒற்றை நடுவரை நியமிக்கும்’ என்று எழுதியிருந்தால் அது செல்லாது, வக்கீல் நோட்டீஸிலேயே எதிர்க்கலாம். ஒப்பந்த மீறலுக்குக் காலக்கெடு 3 வருஷம். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது என்பதற்காக அது நிற்காது.

ஆதாரம் வேண்டும் என்று சோர்ஸ் கோடையும் வாடிக்கையாளர் பட்டியலையும் பென் டிரைவில் எடுக்காதீர்கள், எதிர்வழக்கு அங்கேயிருந்துதான் முளைக்கும். உங்கள் ஒப்பந்தங்கள், உங்களுக்கு வந்த கடிதங்கள் போதும்.

போட்டித் தொழில் தொடங்கக்கூடாது என்ற நிபந்தனை வேலை ஒப்பந்தத்தில் மட்டும் இருந்தால், வேலை முடிந்தபின் செல்லாது. கம்பெனியை விற்ற பத்திரத்தில் இருந்தால் கதையே வேறு: நற்பெயரோடு விற்ற தொழிலுக்கு 1872 ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவிலேயே விலக்கு உண்டு.

கடைசியாக, பாங்க் ஓவர்டிராஃப்டுக்கு அந்தக் காலத்தில் நீங்கள் போட்ட சொந்த ஜாமீன். வேலை போனாலும், பங்கு போனாலும் அது உங்கள் பேரில்தான் நிற்கும். சமரசம் பேசும்போது தொகைக்கு முன்னால் அந்த ஜாமீனை விடுவித்த பாங்க் கடிதத்தைக் கேளுங்கள்.